வ.உ.சி: வாடகைக் கப்பலில் தொடங்கிய கம்பெனி... எழுந்தது எப்படி, விழுந்தது எப்படி?

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலை தறியை விட்டு இறங்குவதற்கு முன்பே, அதற்காக வண்டிகள் பல நூறு கிலோமீட்டர் ஓடி முடித்திருக்கும். பட்டு நூல் கர்நாடகாவில் இருந்து வரணும். சரிகை சூரத்தில் இருந்து வரணும். நெய்து முடித்த சேலை சென்னை தி.நகர் கடைகளுக்குப் போகணும். இந்தச் சரக்கை நம்பி, டியூ கட்டி ஒரு குட்டி யானை வாங்கி, சொந்தமா தொழில் தொடங்கும் இளைஞர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அவர்கள் எல்லாருக்கும் முதல் நாளே வரும் கேள்விகள் நாலு. வண்டி வாடகைக்கா, சொந்தமா? போகும்போது லோடு இருக்கு, திரும்பி வரும்போது கிடைக்குமா? பெரிய கம்பெனிக்காரன் வாடகையைப் பாதியாகக் குறைத்தால் நம்மால் தாங்க முடியுமா? நாம் ஒரு மாதம் படுத்துவிட்டால் தொழிலை யார் பார்ப்பது?

இந்த நாலு கேள்வியையும் 1906-ல் ஒரு தமிழர் சந்தித்தார். அவரிடம் இருந்தது வண்டி இல்லை, கப்பல். எதிரே நின்றது பக்கத்துத் தெருக்காரர் இல்லை, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்று. அவர்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

கப்பலோட்டிய தமிழன் என்ற பட்டம் எல்லாருக்கும் தெரியும். செக்கிழுத்த செம்மல் என்பதும் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனா, அந்தக் கம்பெனி எப்படி நடந்தது, பணம் எங்கிருந்து வந்தது, ஏன் சில வருஷத்திலேயே மூழ்கியது? பார்க்கலாம்.

யார் இந்த வக்கீல்?

அன்றைய திருநெல்வேலி மாவட்டம் ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5-ம் தேதி பிறந்தவர் சிதம்பரம். அப்பா உலகநாத பிள்ளை, அம்மா பரமாயி அம்மாள். அப்பா வக்கீல் என்பதால் மகனும் அதே வழியில் போனார். சட்டம் படித்துத் தேறி, முதலில் சொந்த ஊரிலேயே தொழில் செய்தார். ஏழைகளின் வழக்குகளுக்காக வாதாடுகிறார் என்ற பெயர் வந்தது. போலீஸாருக்கு அவரைப் பிடிக்காமல் போனதும் அந்தக் காலத்தில்தான்.

1900-ம் ஆண்டு வாக்கில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அதுதான் திருப்பம். ஒட்டப்பிடாரத்தில் இருந்திருந்தால் ஒரு நல்ல வக்கீலாகவே வாழ்ந்து முடித்திருக்கலாம். தூத்துக்குடி துறைமுக ஊர். பருத்தி, அரிசி, கருவாடு என்று எது ஏறினாலும் எது இறங்கினாலும் கண் முன்னால் நடக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் தமிழர்களும் கப்பல் ஏறித்தான் போகணும்.

அந்தக் கப்பல் யாருடையது என்பதுதான் பிரச்சினை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே போக்குவரத்தைக் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. அது சொன்னதுதான் கட்டணம், அது வைத்ததுதான் நேரம். தமிழ்நாட்டு வியாபாரி மூட்டையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

1905-ல் வங்காளம் பிரிக்கப்பட்டது. அந்நியப் பொருளை வாங்காதே, உள்நாட்டுப் பொருளை வாங்கு என்ற சுதேசி இயக்கம் நாடு முழுக்கப் பரவியது. தூத்துக்குடியில் வ.உ.சி. அதைத் துணியிலிருந்து ஆரம்பித்தார். தர்ம சங்க நெசவுச் சாலை தொடங்கினார். சுதேசிப் பொருள் விற்கும் பண்டகசாலை ஒன்றும் வந்தது. கைத்தறி ஒரு பக்கம் ஓடினாலும் அவர் மனசு கடலில்தான் இருந்தது. சரக்கை நாமே தயாரித்து, அதை ஏற்றிப்போகும் கூலியை வெள்ளைக்காரனுக்குக் கொடுத்தால், சுதேசி எப்படி முழுசாகும் என்பதுதான் அவருடைய கணக்கு.

அவருக்கு முன்னால் யாரும் முயற்சி செய்யலையா?

செய்தார்கள். பெரிய பெரிய வீட்டுக்காரர்களே செய்தார்கள். முடிந்தது மட்டும் ஒரே மாதிரிதான்.

1884-ல் ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத், கிழக்கு வங்காளத்தில் குல்னாவுக்கும் பாரிசாலுக்கும் இடையே நீராவிப் படகு விட்டார். ஆங்கிலேயக் கம்பெனி போட்டிக்கு வந்தது. தாகூர் வீட்டுப் பணம் கரைந்ததுதான் மிச்சம்.

1893-ல் ஜாம்ஷெட்ஜி டாடா களம் இறங்கினார். பம்பாயிலிருந்து சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போகும் பஞ்சு நூலுக்கு பி அண்ட் ஓ கம்பெனி அதிகக் கூலி வாங்குகிறது என்று ஜப்பானியக் கம்பெனியோடு கைகோத்து, வாடகைக் கப்பலில் டாடா லைன் என்று ஆரம்பித்தார். பி அண்ட் ஓ கூலியை அடியோடு குறைத்தது. டாடாவுக்குச் சரக்கு கொடுத்தவர்களே அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். டாடா லைன் மூடப்பட்டது.

டாடாவாலேயே முடியாத விஷயம். அதைத்தான் தூத்துக்குடி வக்கீல் கையில் எடுத்தார்.

வாடகையா, சொந்தமா?

வ.உ.சி. உலகம் பூரா கப்பல் விடப் போகிறேன் என்று கிளம்பவில்லை. கவனம் ஒரே தடத்தில் இருந்தது: தூத்துக்குடி - கொழும்பு. ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த தடம், வியாபாரிகளுக்குத் தினமும் தேவைப்படும் தடம், இரண்டு பக்கமும் தமிழர்கள் இருக்கும் தடம். சின்னதாகத் தொடங்கும் போக்குவரத்துத் தொழிலுக்கு இது முக்கியமான புத்தி.

இரண்டாவது கேள்வியான ரிட்டர்ன் லோடுக்கும் இதிலேயே பதில் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் ஆளும் சரக்கும் போகும் தடம் இல்லை இது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஊருக்குத் திரும்பியும் வருவார்கள். கொழும்பிலும் தமிழ் வியாபாரிகள் இருந்தார்கள்.

ஆரம்பத்தில் சுதேசிகளிடம் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயைச் சேர்ந்த ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். நிலைமையைப் புரிந்துகொள்ள பி.ஐ. கம்பெனிக்கு ரொம்ப நாள் ஆகவில்லை. கப்பல் கொடுத்தவர்களுக்கு நெருக்கடி கொடுத்தது. வாடகைக் கப்பல் கைவிட்டுப் போனது.

டிக்கெட் போட்டாச்சு, சரக்குக்குப் பேசியாச்சு, கப்பல் மட்டும் இல்லை. வண்டித் தொழிலில் இருக்கிற எவருக்கும் இந்த வயிற்றெரிச்சல் புரியும். வ.உ.சி. சோர்ந்து உட்காரவில்லை. இலங்கையில் இருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து, சமாளித்து ஓட்டினார். ஆனா ஒரு விஷயம் அவருக்குத் தெளிவாகிவிட்டது. அடுத்தவன் கப்பலை நம்பி போட்டியில் நிற்க முடியாது.

10 லட்சம் எங்கிருந்து வந்தது?

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி முறைப்படி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். ஒரு பங்கு 25 ரூபாய்.

இந்த 25 ரூபாய் என்பதைக் கொஞ்சம் கவனிக்கணும். ஆயிரம் ரூபாய் என்று வைத்திருந்தால் ஜமீன்தார்களும் பெரிய செட்டிமார்களும் மட்டும்தான் வாங்கியிருப்பார்கள். 25 என்றதால் கடைக்காரர், வக்கீல், நடுத்தரக் குடும்பத்துக்காரர் எல்லாரும் உள்ளே வர முடிந்தது. இந்தியர்கள் மட்டுமில்லை, ஆசியாவைச் சேர்ந்த யாரும் பங்கு வாங்கலாம் என்றும் வைத்தார்கள்.

பெரிய கைகளும் இருந்தன. கம்பெனியின் தலைவர் பாண்டித்துரைத் தேவர். மதுரையில் 1901-ல் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே பாலவநத்தம் ஜமீன்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கினார். கணக்குப் போட்டால் 2 லட்சம் ரூபாய், மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு. செயலாளர் பொறுப்பும் அவருக்கே. வ.உ.சி. வைத்துக்கொண்டது உதவிச் செயலாளர் பதவி மட்டும்தான். ஆனா ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றது, பேசியது, அலைந்தது எல்லாம் அவர்தான்.

கம்பெனியின் நோக்கங்களும் சும்மா டிக்கெட் விற்பதோடு நிற்கவில்லை. இந்திய இளைஞர்களுக்குக் கப்பல் ஓட்டவும் கட்டவும் பயிற்சி கொடுப்பது, கப்பல் கட்டும் தளம் அமைப்பது வரை எழுதி வைத்தார்கள். மகாகவி பாரதி தன்னுடைய இந்தியா பத்திரிகையில் இந்தக் கம்பெனிக்காக எழுதினார்.

பணம் சேர்ந்ததும் வ.உ.சி. பம்பாய் கிளம்பினார். கப்பல் இல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் போனார். திலகரின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தது. எஸ்.எஸ். காலியா என்ற கப்பல் வாங்கப்பட்டது. எஸ்.எஸ். லாவோ என்ற இரண்டாவது கப்பலும் வந்து சேர்ந்தது. 1907-ல் இரண்டும் தூத்துக்குடிக் கடலில் நின்றபோது ஊரே கரைக்கு வந்து பார்த்தது. காலியாவில் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் போகலாம், 4,000 மூட்டை ஏற்றலாம்.

கட்டணப் போர்

அங்கேதான் அசல் ஆட்டம் ஆரம்பித்தது. மூன்றாவது கேள்வி நினைவிருக்கா? பெரிய கம்பெனிக்காரன் விலையைக் குறைத்தால்?

குறைத்தான். பி.ஐ. கம்பெனி கொழும்புக்கான கட்டணத்தை இறக்கிக்கொண்டே வந்து ஒரு ரூபாயில் நிறுத்தியது, சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது, கடைசியில் பி.ஐ. காசே வேண்டாம் என்று சொல்லி கையில் ஒரு குடையையும் கொடுத்தது என்று இன்றைக்கும் தென்மாவட்டங்களில் சொல்வார்கள்.

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனா கணக்கு வேடிக்கை இல்லை. கப்பல் கிளம்பினால் நிலக்கரி எரியும். மாலுமிக்குச் சம்பளம் கொடுக்கணும். துறைமுகக் கட்டணம் கட்டணும். தூத்துக்குடியில் அப்போது ஆழமான துறைமுகம் கிடையாது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். ஆட்களையும் மூட்டைகளையும் படகில் கொண்டுபோய் ஏற்றணும். அதற்குத் தனிச் செலவு. கப்பலில் 100 பேர் ஏறினாலும் 1,000 பேர் ஏறினாலும் இந்தச் செலவில் பெரிய வித்தியாசம் வராது.

பி.ஐ. கம்பெனிக்கு இந்தத் தடம் போனாலும் இன்னும் எத்தனையோ தடங்கள். ரங்கூனில் சம்பாதித்ததைத் தூத்துக்குடியில் இழக்கலாம். சுதேசிக் கம்பெனிக்கோ இருந்தது இந்த ஒரே தடம்தான். எது அதன் பலமாக இருந்ததோ அதுவே பலவீனமாகவும் ஆனது.

அப்படியும் மக்கள் சுதேசிக் கப்பலைக் கைவிடவில்லை. வியாபாரிகள் சரக்கு கொடுத்தார்கள். பக்கத்தில் மலிவாகக் கப்பல் நிற்கும்போது நம்ம கப்பல் என்று சொல்லி டிக்கெட் வாங்கினார்கள். டாடாவுக்குக் கிடைக்காத அந்த ஆதரவு வ.உ.சி.க்குக் கிடைத்தது. அது வெறும் கட்டணத்தால் வந்த கூட்டம் இல்லை, உணர்வால் வந்த கூட்டம்.

அதனால் போட்டி துறைமுகத்தோடு நிற்கவில்லை, அலுவலகங்களுக்கும் போனது. அதிகாரிகளின் சாய்வு பி.ஐ. பக்கம் வெளிப்படையாகவே இருந்தது. அந்த வரிசையில் முக்கியமான பெயர் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்த ஆஷ். 1911-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டவர் இவர்தான்.

தொழிலா, அரசியலா?

வ.உ.சி.க்கு இரண்டும் வேறு வேறு இல்லை. பங்குதாரர்கள் சிலருக்கு அப்படி இல்லை. போட்ட பணம் இருக்கிறது, அரசாங்கத்தைப் பகைத்துக்கொண்டு கம்பெனி நடத்த முடியுமா என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தைத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனா அரசியல் இல்லை என்றால் அந்தக் கப்பலில் ஆளும் ஏறியிருக்காது. இந்த முடிச்சைக் கடைசி வரை யாராலும் அவிழ்க்க முடியவில்லை.

1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வேலை நேரமும் கூலியும்தான் பிரச்சினை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். மில்லை நடத்திய ஹார்வி கம்பெனிதான் தூத்துக்குடியில் பி.ஐ. கப்பல் கம்பெனிக்கும் ஏஜென்ட். அதாவது கடலில் எதிரே நின்றவர்தான் கரையிலும் எதிரே நின்றார். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது.

அடுத்த சில நாளில், மார்ச் 12-ம் தேதி, வ.உ.சி. கைது செய்யப்பட்டார். வங்கத் தலைவர் பிபின் சந்திர பால் விடுதலையைக் கொண்டாடக் கூட்டம் நடத்தியது உடனடிக் காரணம். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிரிழந்தார்கள்.

ஜூலையில் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜதுரோகத்துக்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு. மொத்தம் 40 ஆண்டு. தீர்ப்பைக் கேட்ட வ.உ.சி.யின் தம்பி மீனாட்சிசுந்தரம் புத்தி கலங்கிப்போனார், கடைசி வரை மீளவில்லை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனா சிறை சிறைதான். கோயம்புத்தூரில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவரை இழுக்க வைத்தார்கள். பிறகு கண்ணூர் சிறைக்கு மாற்றினார்கள். அந்தச் செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது.

கம்பெனி என்ன ஆனது?

நாலாவது கேள்விக்கு இப்போது வருகிறோம். ஓனர் இல்லாதபோது தொழிலை யார் பார்ப்பது?

கம்பெனிக்குத் தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார், இயக்குநர்கள் இருந்தார்கள். ஆனா ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றவர், வியாபாரிகளிடம் சரக்கு பேசியவர், கூட்டத்தில் பேசி ஆள் ஏற்றியவர் எல்லாம் ஒரே ஆள். அந்த ஆள் சிறையில். வழக்குக்குப் பயந்து ஆதரவாளர்கள் ஒதுங்கினார்கள். கட்டணப் போரில் ஏற்கெனவே கை சுட்டிருந்தது. கடன் ஏறியது. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

காலியா கப்பல் பி.ஐ. கம்பெனிக்கே விற்கப்பட்டது. யாரை எதிர்த்துக் கப்பல் வாங்கினாரோ அவர்கள் கைக்கே அது போனது. சிறைக்குள் இருந்தபடியே இதைக் கேட்க வேண்டியிருந்தது அவர் பட்ட கஷ்டங்களில் பெரியது.

சிறைக்குப் பிறகு?

1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வாசலில் கூட்டம் இல்லை. காத்திருந்தவர்களில் ஒருவர் சுப்பிரமணிய சிவா. அவரும் சிறையில் தொழுநோய் வாங்கி வந்தவர். வ.உ.சி.யின் வக்கீல் சன்னது பறிக்கப்பட்டிருந்தது. அதனால் கோர்ட்டுக்குப் போய்ச் சம்பாதிக்க முடியாது. சென்னைக்கு வந்து குடும்பத்தோடு தங்கினார். மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றுப் பார்த்தார். எதுவும் நிற்கவில்லை. 10 லட்சம் ரூபாய் கம்பெனியை உருவாக்கியவருக்கு மாதச் செலவுக்கே நண்பர்களை எதிர்பார்க்கும் நிலை.

அந்தச் சமயத்தில் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தி மூலமாக வர வேண்டியிருந்தது. அதற்காக இருவரும் மாறி மாறிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1916-ல் கைக்கு வந்தது 347 ரூபாய் 12 அணா. சின்னத் தொகைதான். ஆனா அதற்கு அவர் எவ்வளவு காத்திருந்தார் என்பதை அந்தக் கடிதங்கள் காட்டுகின்றன.

பிறகு ஈ.எச்.வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியில் தன் மகன் ஒருவருக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரர் கம்பெனியோடு கடைசி வரை மோதியவர், வெள்ளைக்காரர் ஒருவர் செய்த நன்மையையும் மறக்கவில்லை.

கோவில்பட்டியில் மறுபடி வக்கீல் தொழில். பக்கத்திலேயே தமிழ்ப் பணி. தொல்காப்பியம் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை எழுதினார், ஜேம்ஸ் ஆலன் நூல்களைத் தமிழில் தந்தார். 1936 நவம்பர் 18-ம் தேதி, 64-வது வயதில் தூத்துக்குடியில் காலமானார்.

அப்போ அது தோல்விதானா?

லாப நஷ்டக் கணக்கில் பார்த்தால் ஆமாம். பங்கு போட்டவர்களின் பணம் போனது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனா பின்னால் வந்தவர்களைப் பார்க்கணும். 1919-ல் பம்பாயில் சிந்தியா கப்பல் கம்பெனி தொடங்கியது. அதன் எஸ்.எஸ். லாயல்டி கப்பல் லண்டனுக்குக் கிளம்பிய ஏப்ரல் 5-ம் தேதியைத்தான் இன்றும் தேசிய கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். சிந்தியாவும் அதே ஆங்கிலேயக் கப்பல் முதலாளிகளின் கட்டணப் போரைச் சந்தித்தது. அது பிழைத்ததற்கு ஒரு காரணம், 1923-ல் அவர்களோடு ஒப்பந்தம் போட்டு, தன் கப்பல்களுக்கும் தடங்களுக்கும் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டது. வ.உ.சி. அந்த மாதிரி சமரசம் செய்கிற ஆள் இல்லை. அவருக்கு அந்த அவகாசமும் யாரும் கொடுக்கவில்லை. சொந்தக் கப்பல்கள் ஓடத் தொடங்கி ஒரு வருஷம் முடிவதற்குள் அவர் சிறையில் இருந்தார்.

2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு பயணிகள் கப்பல் மறுபடியும் தொடங்கியது. இந்த முறை எதிர்க் கம்பெனி இல்லை, ராஜதுரோக வழக்கு இல்லை. தொடங்கி வைத்ததே மத்திய அமைச்சர். ஆனாலும் அந்தச் சேவை சில மாதங்களிலேயே நின்றுபோனது. அரசாங்கமே துணைக்கு நின்றும் ஓட்டுவதற்குக் கஷ்டமான தடம் அது. அரசாங்கமே எதிர்த்து நின்றபோது அதில் இரண்டு கப்பல் விட்டவர் ஒட்டப்பிடாரத்து வக்கீல்.